எச்சில் சான்றிதழ்

குடிகாரர்களை எனக்குப் பிடிக்காது. அவர்களைவிடப் பிடிக்காதவர்கள், குடிகாரர்களுக்காக மனு எழுதிக்கொண்டு வருகிறவர்கள். குடிக்கிறவனாவது ஏதோ ஒரு சுகத்துக்காக மானத்தை விடுகிறான். இவர்கள் ஒரு சுகமும் இல்லாமல் விடுகிறார்கள்.

திருச்சி மாவட்டக் குடியியல்பு வாரியத்தில் நான் மறுபரிசீலனை அலுவலர். பெயர் நிவாஸ், வயது இருபத்தொன்பது. இந்த வயதில் இந்த நாற்காலியா என்று வயிறெரிகிறவர்கள் என் அட்டையைப் பார்த்தால் போதும். பச்சை அட்டை. குடி எண் பதினான்கு. குணம் என்ற இடத்தில் 'நிதானமானவர், பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவர், உயர் பதவிக்கு ஏற்றவர்' என்று அச்சாகியிருக்கும்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதானால் எங்கள் மாநிலத்தில் எல்லாரும் ஒரு குழாயில் எச்சில் துப்பிக் கொடுக்க வேண்டும். அந்த எச்சிலில் இருக்கும் மரபணுக்களை ஓர் இயந்திரம் படிக்கும். இவன் குடித்தால் என்ன ஆவான், கோபம் எவ்வளவு, பயம் எவ்வளவு, புதிதாக ஒன்றைக் கண்டால் பாய்வானா பதுங்குவானா என்று கூட்டிக் கழித்து நூற்றுக்கு ஓர் எண்ணைக் கொடுக்கும். நாற்பதுக்குள் என்றால் பச்சை. எழுபதைத் தாண்டினால் சிவப்பு. நடுவில் மஞ்சள். பச்சை அட்டையை நீட்டினால் அரசுக் கடையில் எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் தருவார்கள். சிவப்புக்குக் கதவே திறக்காது.

அரசாங்கத்துக்குக் கடையை மூட மனம் வரவில்லை. திறந்து வைத்திருக்கவும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதனால் கடையை அப்படியே விட்டுவிட்டு ஆட்களைப் பிரித்தார்கள். முன்பு பாட்டிலில் 'மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு' என்று போட்டிருக்கும். இப்போது 'சிவப்பு அட்டைதாரருக்குக் கேடு' என்று போடுகிறார்கள். மற்றவர்கள் நிம்மதியாகக் குடிக்க வேண்டுமல்லவா.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சிவப்புக்காரர்கள். பெண் கிடைக்காதவர்கள், லாரி ஓட்ட லைசென்ஸ் கிடைக்காதவர்கள், ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்று என் மேசை மேலேயே சூடம் அணைக்கத் தயாராக வருகிறவர்கள். எங்கள் தாத்தா கோயில் தர்மகர்த்தா சார் என்பார்கள். தாத்தாவின் எச்சிலையா சோதித்தோம்? எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பேன், அட்டையில் அப்படித்தானே போட்டிருக்கிறது. கேட்டுவிட்டு நிராகரிப்பேன். விரை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

நானும் குடிப்பேன். சனிக்கிழமை மாலை இரண்டு அளவு. மூன்றாவது வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே கிடையாது என்று அலுவலகத்தில் அடிக்கடி சொல்வேன்.

இனியா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கோப்பு. அழுதிருந்தாளா என்று பார்த்தேன். இல்லை.

"எங்க வீட்டுக்காரருக்குச் செவப்பு அட்டை வேணும் சார்."

"மாத்திச் சொல்றீங்க. செவப்ப எடுத்துட்டுப் பச்சை வேணும்னு சொல்லணும்."

"சரியாத்தான் சார் சொல்றேன். அவருக்குப் பச்சை இருக்கு. செவப்பு வேணும்."

ஏழு வருடத்தில் அப்படி ஒரு மனுவை நான் பார்த்ததில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் கோப்பைத் திறந்து மருத்துவர் எழுதியதை எடுத்து வைத்தாள். கணவனுக்கு ஈரல் போய்விட்டது. அவனுடைய உயிரணுவிலிருந்தே புது ஈரல் வளர்த்து வைக்கும் சிகிச்சை அரசு மீட்பு மனையில் உண்டு. ஆனால் அது சிவப்பு அட்டைக்காரர்களுக்கு மட்டும்.

அந்த விதி எனக்குத் தெரியும். அதற்கு விளக்கக் குறிப்பு எழுதியதே நான்தான். சிவப்போடு பிறந்தவன் திருட்டுத்தனமாகக் குடித்துக் கெட்டால் அவன் நோயாளி, பாவம், பிறவிக் குறை. பச்சையோடு பிறந்தவன் குடித்துக் கெட்டால் அது திமிர். திமிருக்கு அரசாங்கம் ஈரல் வளர்த்துத் தராது. நல்ல தமிழில், உறுத்தாத மாதிரி எழுதியிருந்தேன். மேலதிகாரி தட்டிக் கொடுத்தார்.

"டாக்டர் எவ்வளவு நாள் சொன்னாரு?"

"மூணு வாரம். அதுக்குள்ள சேத்துட்டா பொழைச்சுக்குவாராம்."

"இங்க பாருங்கம்மா. பச்சை வாங்கினவன் ஈரல் அழுகுற அளவுக்குக் குடிக்கிறான்னா அது உடம்புக் கோளாறு இல்ல. கொழுப்பு. நாங்க அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் என்னையே பார்த்தாள். "அவரு கொழுப்பெடுத்துக் குடிச்சாரா, கொழுப்பெடுத்தவங்க குடிக்க வச்சாங்களான்னு நீங்க விசாரிக்கவே இல்லியே சார்."

இப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் என் கை உடனே நிராகரிப்பு முத்திரையைத் தேடும். எடுத்தேன். அட்டைதாரர் பெயரை எழுத வேண்டுமே என்று கோப்பைத் திருப்பினேன். லோகித். வயது இருபத்தொன்பது. குடி எண் பதினான்கு. மாதிரி எடுத்த இடம், நான் படித்த கல்லூரி. என் விடுதி. மூன்றாவது பிளாக்.

முத்திரையைக் கீழே வைத்தேன். நாளைக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்று சொன்னேன். முகவரி கோப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனி ஒன்றை மறைப்பதற்கில்லை.

நாங்கள் முதல் வருடம் படிக்கும்போது வாரியத்து வேன் எச்சில் எடுக்கத் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. ஒருநாள் முன்னாலேயே, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நாங்கள் பத்துப் பேர் அப்போது கல்லணையில் குளித்துக்கொண்டிருந்தோம். துப்பாதவனுக்குத் தேர்வு எழுத அனுமதி இல்லை என்று ஓர் உத்தரவு வேறு. லோகித்தான் விடுதியில் இருந்தான். வகுப்பில் எங்கள் எல்லாருக்கும் வருகைப் பதிவின்போது ப்ராக்ஸி கொடுப்பவன் அவன்தான். பத்துக் குரலில் 'எஸ் சார்' சொல்வான். நான் போன் செய்தேன். "லோகி, எங்களுக்கும் சேத்துத் துப்பிடுடா" என்றேன்.

அவன் பத்து முறை வரிசையில் நின்றான். எச்சில் எடுப்பதற்கு அரை மணி முன்பு எதுவும் சாப்பிடக் கூடாது. அதனால் போனில் மாங்காய்க் கீற்றும் மிளகாய்ப்பொடியும் இருக்கிற ஒரு படத்தைப் பார்த்துப் பார்த்து வாயில் ஊற வைத்துக்கொண்டான். வேனில் இருந்த ஆளுக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கடைசி மூன்று குழாயிலும் வெறும் நுரைதான்டா என்று லோகித் எங்களிடம் சொல்லிச் சிரித்தான். அவனுடையதையும் சேர்த்துப் பதினோரு குழாய்.

மரபணு விவரத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்ததால், எண்ணையும் குணத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு மீதியை அழித்துவிடுவார்கள். ஒரே விடுதியில் பதினோரு பேருக்கும் பதினான்கு. பதினோரு பேரும் நிதானமானவர்கள். இதை வாரியம் கவனிக்காமல் விடவில்லை. எங்கள் பிளாக்குக்கு 'நற்பிறவி விடுதி' என்று கேடயம் கொடுத்தது. வார்டன் அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

நான் அதுவரை நிதானமானவன் இல்லை. உப்பு கூடிவிட்டது என்று மெஸ்ஸில் சாம்பார் வாளியைத் தூக்கி எறிந்தவன். அட்டை வந்த பிறகு நிதானமாக நடக்கப் பழகினேன். அந்த அட்டையைக் காட்டித்தான் வேலை வாங்கினேன், கல்யாணம் செய்தேன். பத்து வருடத்தில் அது என் எச்சில் இல்லை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

அன்று மாலையே உறையூரில் லோகித்தின் வீட்டைத் தேடிப் போனேன். கட்டிலில் வயிறு மட்டும் தனியாக வீங்கிக் கிடந்தான். கை கால் குச்சி. கண் மஞ்சள் கரைத்த மாதிரி இருந்தது. எனக்கு முதலில் அருவருப்புத்தான் வந்தது, இரக்கம் இல்லை. அவனுடைய ஐந்து வயது மகள் யாழி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அட, நிவாஸா? வாடா மாப்ள. இனியா, ஆபீசரே வீடு தேடி வந்துட்டாருடி. காப்பி போடு."

இனியா என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

"ஏன்டா இப்படிக் குடிச்ச?" என்றேன். வாரியத்தில் கேட்கிற அதே குரல். அதைத் தவிர எனக்கு வேறு குரல் மறந்துவிட்டது.

"வேலைடா."

"குடிக்கிறதா வேலை?"

"ஆமா." அவன் மெதுவாக நிமிர்ந்து தலையணையில் சாய்ந்தான். "மருந்துக் கம்பெனில சேல்ஸ். டீம்ல பன்னெண்டு பேரு. குடி எண் பதினாலு எனக்கு மட்டும்தான். பெரிய டாக்டருங்க, ஆஸ்பத்திரி ஓனருங்க வந்தா எதிர்ல உக்காந்து ஈடு கொடுத்துக் குடிக்க ஆள் வேணும்ல. மத்தவன உக்கார வச்சு அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கம்பெனி மாட்டிக்கும். பச்சைக்கு ஒண்ணும் ஆகாது. அப்படித்தான மாப்ள உங்க வாரியம் எழுதி வச்சிருக்கு? வாரத்துல அஞ்சு நாளு. ஆறு வருஷம்."

"முடியாதுன்னு சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். அட்டையிலயே பொறுமைசாலின்னு போட்டிருக்கேப்பான்னு மேனேஜர் சிரிச்சாரு. வேலைய விட்டா வேற எடத்துலயும் அந்த அட்டையப் பாத்துத்தான எடுப்பாங்க. எங்க போனாலும் என்னைய அந்த நாற்காலியிலதான் உக்கார வைப்பாங்க. அப்புறம் ஒரு கட்டத்துல, உக்காரச் சொல்லாத நாள்லயும் கை தேட ஆரம்பிச்சுடுச்சுடா. அத நான் மறைக்கல."

இனியா காப்பி கொண்டு வந்தாள். நான் அவளிடம் மறுசோதனைக்கு உத்தரவு போடுகிறேன் என்று சொன்னேன். பெரிய மனசு பண்ணுகிற மாதிரிதான் சொன்னேன்.

லோகித் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, கொஞ்ச நேரம் பிடித்தது அடங்க. "எதுக்குடா? என் எச்சில் சுத்தமான எச்சில். பத்துப் பேரு அதுல பாஸ் ஆகியிருக்கீங்க. இப்பத் துப்பினாலும் பதினாலுதான் வரும்."

"பத்துப் பேருன்னா?" என்று இனியா கேட்டாள்.

அவன் கல்லணைக் கதையைச் சொன்னான். மாங்காய்ப் படம், நுரை, கேடயம் எல்லாம். ஒரு வாத்தியாரை ஏமாற்றிய கதையைச் சொல்வது போல உற்சாகமாகச் சொன்னான். அவள் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. கதை முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உங்க எச்சில் என்னன்னு யாருக்கும் தெரியாது."

நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

"இவருக்குப் பதிலா நீங்க துப்புங்க சார்."

"என்னோடதும் பச்சையாத்தான் வரும்" என்றேன். சொல்லும்போது அதை நான் உண்மையிலேயே நம்பினேன். "வந்தா மறுபடியும் மனு போட முடியாது. ஒரு தடவதான் வாய்ப்பு."

"இவரு துப்பினா பச்சைன்னு உறுதியாத் தெரியுது. நீங்க துப்பினா தெரியாது. தெரியாதது மேல் இல்லையா?"

கணக்கு வாத்தியார் மாதிரி பேசினாள். நான் தப்பிக்க வேறு வழி தேடினேன். "செவப்புன்னு வந்துட்டா உங்க பொண்ணுக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? செவப்புக்குப் பொறந்த புள்ளைக்கு அன்னிக்கே மஞ்சள் அட்டை. பதினெட்டு வயசுல அவளே துப்புற வரைக்கும் மாறாது. ஸ்கூல்ல தனி பெஞ்சு. மாசாமாசம் கவுன்சிலிங். டூருக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க."

அவள் யாழியைப் பார்த்தாள். அந்தக் குழந்தை ஏதோ நாய் மாதிரி ஒன்றுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தது. இனியாவின் முகம் ஒரு கணம் உடைந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவ்வளவு கேவலமான ஆள் நான்.

"மஞ்சளோட வளந்துக்குவா சார். அப்பா இல்லாம வளர்றதுக்கு அது தேவலை."

லோகித் கண்ணை மூடிக்கொண்டான். "விடுடி. அவன் வேலைக்கு ஆபத்துடி அது. மாப்ள, நீ கெளம்புடா."

அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் கிளம்பியிருப்பேன். ஒரு குடிகாரன் என்மேல் பரிதாபப்பட்டது எனக்குப் பொறுக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மறுசோதனை உத்தரவைத் தட்டச்சு செய்து நானே கையெழுத்துப் போட்டேன். நோயாளி வர முடியாத நிலையில் இருந்தால் அலுவலரே வீட்டுக்குப் போய் மாதிரி எடுத்து முத்திரை வைக்கலாம் என்று விதி இருக்கிறது. வீட்டுக்குப் போகவில்லை. அலுவலகக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு குழாயில் துப்பினேன். மாங்காயை நினைக்க வேண்டியிருக்கவில்லை. என்னை நினைத்தாலே துப்பல் வந்தது.

கீழ்த்தளத்தில் சோதனைக்கூடம். அங்கே பெனாசிர் என்று ஓர் அம்மாள். இருபது வருடமாக எச்சிலோடு குடித்தனம் நடத்துகிறவர். குழாயை வாங்கிப் பெயரைப் படித்தார்.

"பச்சைக்கு மறுசோதனையா? அதிசயமா இருக்கு சார்."

"எண் மாறுமாம்மா?"

"ஒரே ஆளு எச்சிலா இருந்தா மாறாது." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஆனா சார், இந்த எண்ண வச்சு ஒரு ஆளப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல முடியாது. அது கூட்டத்தப் பத்திச் சொல்லும். எண்பது வாங்கினவன் நூறு பேர நிக்க வச்சா அதுல முப்பது பேரு குடியில விழலாம். எந்த முப்பதுன்னு மெஷினுக்குத் தெரியாது. பதினாலு வாங்கினவனையும் தினம் ஒருத்தன் எதிர்ல உக்கார வச்சு ஊத்திக் குடுத்தா அவனும் விழுவான். மழை வரும்னு ரேடியோல சொல்றாங்க. அதுக்காக வீட்டுக்கு வீடு போய், உன் தலையில இத்தனை சொட்டு விழும்னு சீட்டு எழுதிக் குடுப்பாங்களா?"

"இத வாரியத்துக்கு எழுதினீங்களா?"

"மூணு தடவ எழுதினேன். உங்க மேசையிலதான் நிராகரிச்சு வந்துச்சு."

எனக்கு அது நினைவில்லை. படிக்காமல் முத்திரை குத்தியிருப்பேன்.

முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளில் என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது போதும் போதும் என்றாகிவிட்டது. சிவப்பு வந்தால் லோகித் பிழைப்பான். பச்சை வந்தால் நான் பிழைப்பேன், என் பெருமை பிழைக்கும். எது வர வேண்டும் என்று மனசு வேண்டியது? பச்சை. மூன்று நாளும் பச்சை, பச்சை என்றே அடித்துக்கொண்டது. ஒருவன் சாகக் கிடக்கிறான் என்பது அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

எங்கள் அப்பா மஞ்சள் காமாலையில் செத்துப்போனார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். காமாலை எதனால் வந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. லோகித்தின் கண்ணில் பார்த்த அந்த நிறத்தை நான் அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். குடிகாரர்களை எனக்கு ஏன் பிடிக்காது என்பதற்கு வாரியத்தில் ஆயிரம் காரணம் சொல்வேன், இதைச் சொன்னதில்லை. சனிக்கிழமை இரண்டு அளவு என்பதும் பாதி உண்மைதான். ஊற்றி முடித்ததும் அலமாரிச் சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். மூன்றாவது வேண்டாம் என்று தோன்றுகிறவன் எதற்குச் சாவியைக் கொடுக்கிறான்?

சனிக்கிழமை காலை பெனாசிர் மேலே வந்து ஒரு உறையை வைத்தார். "தொண்ணூத்தொண்ணு" என்றார். "நம்ம மாவட்டத்துல இந்த வருஷம் இதுதான் அதிகம்."

நான் உறையைப் பிரித்துப் பார்த்தேன்.

"இந்த எச்சிலுக்குச் சொந்தக்காரரு இவ்வளவு நாளு தாக்குப் பிடிச்சிருந்தா பெரிய விஷயம் சார். கையெடுத்துக் கும்பிடலாம்." கதவருகே நின்று திரும்பினார். "லோகித்துன்னு எழுதியிருக்கு. லோகித்தாவே இருக்கட்டும்."

'பழைய முடிவு, எச்சில் மாதிரியில் நேர்ந்த கோளாறு' என்று எழுதி ஒப்பமிட்டேன். அன்று மதியமே லோகித்தை மீட்பு மனையில் சேர்த்துக்கொண்டார்கள். அன்று மாலை அலமாரிப் பக்கம் நான் போகவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். பயம்.

இரண்டு வாரம் கழித்துச் சான்றிதழை வாங்க இனியா வந்தாள். புது ஈரலை வைத்துவிட்டார்களாம், கஞ்சி குடிக்கிறானாம். நான் சான்றிதழை நீட்டினேன். அவள் நின்றபடியே வாய்விட்டுப் படித்தாள்.

"குடி எண் தொண்ணூத்தொண்ணு. குணம்: முன்கோபி. பிறரைத் தாழ்வாக எண்ணும் இயல்பு மிகுதி. தம் குறையைப் பிறரிடம் காண்பவர். பொறுப்பான பதவிகளுக்குப் பரிந்துரைக்க இயலாது."

அந்த இயந்திரத்தைப் பற்றிப் பெனாசிர் சொன்னது சரிதான். ஒரு தனி ஆளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது போல எங்கோ பாய்ந்து என்மேல் சரியாக விழுந்திருந்தது.

"இனிமே வாழ்நாள் பூரா இதுதான் சார் அவரு" என்றாள். "வேலை கேட்டுப் போற எடத்துல எல்லாம் இதத்தான் படிப்பாங்க. அவரு ஒருத்தரக் கடிஞ்சு பேசி நான் பாத்ததில்ல."

"தெரியும்."

"பொண்ணு அட்டையும் இன்னிக்கே குடுத்துடுவீங்களா? ஸ்கூல்ல கேக்குறாங்க."

மஞ்சள் அட்டை தயாராக இருந்தது. யாழி, வயது ஐந்து. காரணம் என்ற கட்டத்தை அலுவலர்தான் தன் கையால் நிரப்ப வேண்டும். 'தந்தைவழிக் குறை' என்று எழுதினேன். அந்தக் குழந்தையின் அப்பாவிடம் ஒரு குறையும் இல்லை. எழுதுகிற கையில்தான் இருந்தது. முத்திரையைக் குத்தினேன்.

அவள் அட்டையை வாங்கித் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள்.

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா சார்?"

"ஒரு பொண்ணு. ரெண்டு வயசு."

"அவளுக்கு என்ன அட்டை?"

"பச்சை. அப்பா அம்மா ரெண்டு பேரும் பச்சைன்னா..."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. எனக்குத் திட்டத் தெரியும், திட்டு வாங்கினால் என்ன செய்வதென்றும் தெரியும். அவள் விரல் விட்டு எதையோ எண்ணினாள்.

"பதினெட்டுல அவளும் துப்பணும்ல சார். அப்ப யாழிக்கு இருபத்தொண்ணு. அவ அப்பா மாதிரி, பச்சையாத்தான் வருவா." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அப்ப வேணும்னா சொல்லி அனுப்புங்க. உங்க பொண்ணுக்கு யாழி துப்பிக் குடுப்பா."

அவள் முகத்தில் இகழ்ச்சி இருக்கிறதா என்று தேடினேன். அதை அடையாளம் காண்பதில் என்னை மிஞ்ச இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. துளிகூட இல்லை. உண்மையாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள்.